28 ஆண்டு கடந்த போர்தோ: கெட்டுப்போனதா, முதிர்ந்ததா?

வாசகர் கேள்வி, 3 நவம்பர் 2024

நான் பிறந்தது 1996-இல். பிரான்சின் துலூஸில் வேலை செய்கிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றுச் சென்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர், போர்தோ ஒயின் வட்டாரத்தின் ஒரு பகுதியான மெதோக்கில், நான் பிறந்த ஆண்டில் செய்த சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில்களைப் பரிசாகக் கொடுத்தார். நேற்றிரவு ஒன்றைத் திறந்தோம். நிறம் செங்கல் நிறமாக மங்கியிருந்தது. அடியில் கறுப்பாக மண்டி. மூக்கில் காளான் வாசம். பழச்சுவை என்று எதுவுமே இல்லை. பழைய ஒயின் சிறந்தது என்பது விற்பவர்கள் கட்டிய கதை என்றே எனக்குத் தோன்றுகிறது. 10 யூரோவுக்கு வாங்கும் இரண்டு வயது ஒயின் இதைவிட நன்றாக இருக்கிறது. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

3 நவம்பர், இரவு

மறுக்கிறேன், ஆனால் உங்கள் கூற்றில் பாதியைத்தான். உலகில் விற்கப்படும் ஒயினில் மிகப் பெரும்பகுதி, சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிப்பதற்காகவே செய்யப்படுவது. அதை 20 ஆண்டுகள் நிலவறையில் வைத்தால் முதிராது, வெறுமனே சோர்ந்துபோகும். அந்த மட்டில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் நீங்கள் அடுக்கிய நான்கு குறைகளில் மூன்று, வயதின் அடையாளங்கள் மட்டுமே. இளம் சிவப்பு ஒயினின் ஊதா நிறத்துக்குக் காரணம் திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் ஆந்தோசயனின் என்னும் நிறமி. அது ஆண்டுகள் செல்லச் செல்ல, தோலிலும் விதையிலும் இருந்து வந்த துவர்ப்புப் பொருளான டானினோடு கூடி, மாணிக்கச் சிவப்பாகி, பின்பு செங்கல் நிறத்துக்கு வருகிறது. அவ்வாறு கூடிக் கனத்ததில் ஒரு பங்கு கீழே இறங்கிவிடுகிறது. நீங்கள் கண்ட அடிமண்டி அதுதான். காளான், சருகு, ஈரத் தோட்டம் போன்ற வாசனைகளும் முதிர்ந்த போர்தோவுக்கு இயல்பானவை.

நான்காவதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. 1996 மெதோக்கில் பழமே இல்லை என்றால் ஏதோ நடந்திருக்கிறது. திறப்பதற்கு முன் பாட்டில் எவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றது, தக்கை எப்படி இருந்தது, அரை மணி கழித்து வாசனை கூடியதா குறைந்ததா என்பதை எழுதுங்கள். இரண்டாவது பாட்டிலை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். திறக்கும்போது அகன்ற குடுவைக்கு இறுத்து, இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

4 நவம்பர்

நேற்று எழுதியதன் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு மணி நேரம் காற்றாட விடுவது ஐந்து வயது ஒயினுக்கு உரிய முறை. 28 வயது ஒயினை மண்டியிலிருந்து பிரிப்பதற்காக மட்டுமே இறுத்து ஊற்ற வேண்டும். அதுவும் ஒடுங்கிய குடுவைக்கு, பரிமாறுவதற்குச் சற்று முன்பாக. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பர் வீட்டில் 1970-ஆம் ஆண்டு பாட்டில் ஒன்றைத் திறந்து, அகன்ற குடுவையில் ஊற்றிவிட்டு, சமையல் தாமதமானதால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம். ஊற்றிய கணத்தில் அறை முழுவதும் பரவிய மணம், சாப்பிட அமர்ந்தபோது போயிருந்தது. கோப்பையில் புளிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த இழப்பு நினைவில் இருந்தும் நேற்று அப்படி எழுதியது தவறு.

6 நவம்பர்

போர்தோவில் பல வகைத் திராட்சைகளை ஏன் கலக்கிறார்கள், ஒரே திராட்சையில் செய்தால் என்ன என்று துணைக் கேள்வி வந்திருக்கிறது. இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். கலவை என்ன என்று தெரியாமல் முதிர்ந்த போர்தோவைச் சுவைப்பது, யார் யார் பாடுகிறார்கள் என்று அறியாமல் சேர்ந்திசை கேட்பது போன்றது.

மாணவனாக இருந்தபோது 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மெதோக்கில் அறுவடைக்குப் போனேன். முதலில் மெர்லோ என்னும் வகையைப் பறிப்போம். பழம் சற்றுப் பெரியது, தோல் மெல்லியது, வாயில் போட்டால் சதையும் இனிப்பும். ஏறக்குறைய ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காபர்னே சோவினியோனின் (சுருக்கமாகக் காபர்னே) முறை வரும். அது நீலக் கறுப்பில் குட்டியாக இருக்கும். தடித்த தோல், சாறு குறைவு, விதை அதிகம். விதையைக் கடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டையும் ஒரே நாளில் ருசித்துப் பார்த்தவருக்குக் கலவையின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை: காபர்னே எலும்பு, மெர்லோ சதை.

இன்னொரு காரணம் வானிலை. அட்லாண்டிக் கடலின் மழையும் பனியும் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர் இது. மெர்லோ முன்னதாகத் துளிர்ப்பதால் வசந்தகாலக் கடும்பனியில் அடிபடும். காபர்னே தாமதமாகப் பழுப்பதால் அக்டோபர் மழையில் மாட்டும். இரண்டையும் நட்டுவைத்தவன் ஓராண்டில் ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்வான். காபர்னே ஃப்ராங் என்னும் வேறொரு வகையைச் சேர்ப்பது நறுமணத்துக்கு. பெத்தி வெர்தோ மிகத் தாமதமாகப் பழுப்பது, நிறமும் காரசாரமும் கொண்டது; அதைச் சாம்பாரில் பெருங்காயம் சேர்க்கும் அளவில்தான் சேர்ப்பார்கள். காபர்னே சோவினியோன், காபர்னே ஃப்ராங்குக்கும் சோவினியோன் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சைக்கும் எப்போதோ தற்செயலாகப் பிறந்த பிள்ளை என்பது 1997-இல் வெளியான மரபணு ஆய்வில் தெரியவந்தது. ஆக, கலவையில் தாயோ தந்தையோ ஒருவர் பிள்ளையோடு ஒரே பாட்டிலில் இருக்கிறார்.

நிலமும் இதை ஒட்டியே பிரிகிறது. ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில் உள்ள மெதோக்கில் கூழாங்கல் மேடுகள். அவை மழைநீரை வடித்துவிட்டுப் பகல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தாமதமாகப் பழுக்கும் காபர்னேவுக்கு அந்த வெப்பம் வேண்டும். சதுப்பாகக் கிடந்த மெதோக்கின் பெரும்பகுதியை 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வடிகால் வெட்டி உலர்த்தினார்கள். வலக்கரையில் பொமரோல், சாந்தெமிலியோன் பக்கம் குளிர்ந்த களிமண் மிகுதி. அங்கு மெர்லோவே தலைமை.

உங்கள் 1996-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஆகஸ்டில் மழை பெய்தது. செப்டம்பரில் வெயிலும், குளிர்ந்த இரவுகளும், உலர் காற்றும் சேர்ந்து மெதோக்கின் காபர்னேவை அருமையாகப் பழுக்க வைத்தன. புளிப்பும் குறையாமல் நின்றது. மெர்லோவுக்கு அந்த நல்வாய்ப்பு அவ்வளவாகக் கிட்டவில்லை. எனவே 1996 மெதோக் எலும்பு வலுத்த ஒயின். 15 வயதில் பலவும் முரட்டுத்தனமாகவே இருந்தன. இப்போதுதான் அவற்றைக் குடிக்கும் காலம் என்று நான் நினைக்கிறேன்.

7 நவம்பர்

டானினைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சொல்லத் தேவையே இல்லை. நம்மிடம் துவர்ப்பு இருக்கிறது.

இதைப் பற்றி எனக்குப் பல ஆண்டுகளாகப் பெருமிதம் உண்டு. மேற்கத்திய அடிப்படைச் சுவைகளின் பட்டியலில் துவர்ப்புக்கு இடமில்லை. அது நாக்கின் சுவை மொட்டுகளால் அறியப்படுவதன்று, வாயின் தொடு உணர்வு என்கிறார்கள். டானின் நம் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளச் செய்கிறது. வழுக்கல் போய் வாய் உலர்ந்து சுருங்குவதைத்தான் உணர்கிறோம். உடலியல் அளவில் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் அறுசுவையில் ஒன்றாக அதைப் பெயரிட்டு, பாக்கிலும் வாழைப்பூவிலும் மாவடுவிலும் நாவல்பழத்திலும் சிறுவயது முதல் பழகிய நாக்குக்கு, சிவப்பு ஒயினின் மையமான பொருள் அந்நியமாக இருப்பதில்லை. இங்கே பிரான்சில் நண்பர்கள் பலர் தேநீர்ச் சக்கையைச் சுவைத்துத் துவர்ப்பைக் கற்றுக்கொண்டார்கள். நமக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை.

இளம் காபர்னேவின் துவர்ப்பு கொட்டைப்பாக்கை மென்றது போல் இருக்கும். முதிர்ந்ததன் துவர்ப்பு வேறு வகை. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஓர் இனிப்பு எழுமே, அதற்கு மிக அருகில் வரும். விழுங்கிய பின் அந்த இனிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்தே நான் பழைய ஒயினை அளக்கிறேன்.

இன்னொன்று. ஒயின் குறிப்புகளில் 'காசிஸ்' என்று ஒரு கறுப்புப் பழம் ஓயாமல் வரும். பிரான்சுக்கு வரும்வரை நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. முதல் ஓராண்டு, பிறர் சொன்னதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள், எனக்கு வருவது நாவல்பழம் என்று உரக்கச் சொன்னேன்; அன்றிலிருந்து என் குறிப்புகள் எனக்கே பயன்படத் தொடங்கின. பிறருடைய பழத்தைத் தேடாதீர்கள்.

9 நவம்பர்

கேட்டவரின் பதில் வந்திருக்கிறது. தக்கை முழுவதும் நனைந்திருந்ததாம். வாசனை காளான் என்று எழுதியதை இப்போது திருத்தி, 'மழையில் நனைந்த அட்டைப்பெட்டி' என்கிறார். அரை மணி கழித்து அது இன்னும் கூடியது என்கிறார்.

அப்படியானால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. அது தக்கை நோய். தக்கையில் வாழும் பூஞ்சைகள், குளோரின் கலந்த சில சேர்மங்களை டிரைகுளோரோஅனிசோல் என்னும் பொருளாக மாற்றுகின்றன. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். உடலுக்குக் கேடு இல்லை, ஒயினுக்குத்தான் கேடு. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, 2013-இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது: இந்தப் பொருள் தன் நாற்றத்தைக் கொண்டுவருவதோடு நிற்பதில்லை, மூக்கின் மண உணர் செல்களுடைய வேலையையே அடக்கிவிடுகிறது. பழம் பாட்டிலில் இருந்திருக்கலாம். உங்கள் மூக்குக்கு அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நான்காவது குறைக்கு இதுவே விடை.

முதிர்ந்த காளான் மணத்தையும் இதையும் பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான். வயதின் மணம் கோப்பையில் நகரும். சருகாக இருந்தது புகையிலையாகும், பின் வேறொன்றாகும். தக்கை நோய் நகராது, ஒரே இடத்தில் நின்று தடிக்கும்.

10 நவம்பர்

3-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தவர்கள், டானின் கனத்து மண்டியாக இறங்குவதால் மட்டுமே ஒயின் மென்மையாகிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பழைய விளக்கம் அதுதான், ஆனால் முழுமையன்று. ஒயினின் புளிப்புச் சூழலில் டானின் சங்கிலிகள் நீள்வதைப் போலவே உடையவும் செய்கின்றன. நிறமியோடு கூடிய டானினின் துவர்ப்பும் வேறாகிறது. பல மாற்றங்கள் சேர்ந்தே அந்த மென்மை வருகிறது.

12 நவம்பர்

கண்ணைப் பற்றி ஒரு சொல். போர்தோவில் 54 பேரை வைத்துச் செய்து 2001-இல் வெளியான ஆய்வொன்றில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமியைக் கலந்து கொடுத்தார்கள். முகர்ந்தவர்கள் ஒயினியல் மாணவர்கள். சிவப்பு ஒயினுக்கு வழங்கும் சொற்களையே அவர்கள் எழுதினார்கள். இதைச் சொல்லி ஒயின் சுவைத்தல் எல்லாம் பொய் என்று வாதிடுவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. மூக்குக்கு முன்பே கண் தீர்ப்பு எழுதிவிடுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. செங்கல் நிறத்தைக் கண்டவுடனே 'இது போய்விட்டது' என்று மனம் முடிவு கட்டியிருக்கும். இரண்டாவது பாட்டிலின் முதல் கோப்பையைக் கண்மூடி முகருங்கள்.

16 நவம்பர், நள்ளிரவு

பேசிக்கொண்டே இருப்பதைவிட ஒன்றைத் திறப்பது மேல் என்று முடிவு செய்தேன். மெதோக்கில் உள்ள சான்-ஜூலியன் ஊரின் லெயோவில் பார்ட்டன், அதே 1996. போர்தோ தோட்டங்களை வரிசைப்படுத்திய 1855-ஆம் ஆண்டுத் தரப்பட்டியலில் இரண்டாம் தரம் பெற்ற தோட்டம். அயர்லாந்திலிருந்து வந்த பார்ட்டன் குடும்பத்திடம் 1826 முதல் இருக்கிறது. காபர்னே சோவினியோன் பெரும்பங்கு, மெர்லோ அடுத்தது, காபர்னே ஃப்ராங் சிறிதளவு. நான் 2009-இல் வாங்கி, நண்பரின் நிலவறையில் 12, 13 டிகிரியில் படுக்கவைத்திருந்தேன்.

வியாழக்கிழமையே நிமிர்த்தி வைத்தேன். ஒயின் மட்டம் கழுத்தின் அடியில் நின்றது; இந்த வயதுக்கு அது மிக நல்ல மட்டம். திருகாணி பழைய தக்கையை நொறுக்கிவிடும் என்பதால் இரண்டு தகடுகள் கொண்ட பிடுங்கியைத் தக்கையின் இருபுறமும் செருகி, மெல்லத் திருகி எடுத்தேன். மேல்பகுதி பொடிந்தது, அடிப்பகுதி உறுதியாக இருந்தது. மெழுகுவத்திச் சுடரைப் பாட்டிலின் தோளுக்குப் பின்னால் வைத்து, 6.45-க்கு ஒரே வீச்சாக இறுத்தேன். கறுப்பு இழை தோளை எட்டியதும் நிறுத்தினேன். இரண்டு விரல் அளவு பாட்டிலிலேயே தங்கிவிட்டது. தெளிந்த கள்ளுக்கு நம் முன்னோர் 'தேறல்' என்று பெயர் வைத்தது ஏன் என்று சுடர் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு இறங்கியபோது புரிந்தது.

7.00. மூடிக்கிடந்தது. இரும்பு, பழைய அலமாரி. இப்போதே தீர்ப்புச் சொல்லியிருந்தால் நானும் கேட்டவரின் பக்கம் சேர்ந்திருப்பேன்.

7.25. நாவல்பழம் வந்தது, புதிய பழமாக இல்லாமல் உப்பிட்டு ஊறிய பழமாக. பின்னால் பென்சில் சீவிய வாசம். குடைமிளகாயின் சாயலும் மிக மெலிதாக உண்டு. காபர்னேவிலும் குடைமிளகாயிலும் இருக்கும் மணப்பொருள் ஒன்றுதான்.

7.50. என் மனைவி ஒயின் குறிப்புகளைப் படிப்பவரல்லர். கோப்பையை முகர்ந்துவிட்டு, "அம்மா பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கிறது, நடுவில் வசம்பு வைத்திருப்பாரே," என்றார். நான் 'தேவதாரு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு அதையே எழுதிக்கொண்டேன். உலர்ந்த மரம், பட்டு, வசம்பு, பல ஆண்டு மூடிய காற்று என எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தன.

8.20. வறுத்த ஆட்டுத்தொடையோடு. உப்பும் பூண்டும் மட்டும் சேர்த்தது. மிளகாய்க் காரம் சாராயச் சூட்டைக் கூட்டி, துவர்ப்பையும் கரடாக்கிவிடும் என்பதை முன்பு மிளகாய் அரைத்த கறியோடு குடித்துப் பார்த்து அறிந்திருக்கிறேன். உச்சம் இதுதான். புகையிலை, காய்ந்த இலை, அதன் நடுவே இன்னும் அணையாத பழம். புளிப்பு நேராக நின்றது. துவர்ப்பு பல்லைப் பிடிக்காமல் நாக்கின் ஓரங்களில் மட்டும் மணல்போல் உட்கார்ந்தது. விழுங்கிய பின் நான் சொன்ன நெல்லிக்காய் இனிப்பு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நின்றது.

9.40. பழம் பின்வாங்கிவிட்டது. புளிப்பு முன்னால் வந்தது. கடைசிக் கோப்பையை அவசரமில்லாமல், ஆனால் தள்ளிப்போடாமல் முடித்தோம்.

இந்த இரண்டரை மணி நேரத்தில் நான் குடித்தது நான்கு வெவ்வேறு ஒயின்கள் என்றே சொல்வேன். இரண்டு வயது ஒயின் முதல் வாயில் சொல்வதைத்தான் கடைசி வாயிலும் சொல்லும். அதுவும் நல்லதே, நானும் வாரநாட்களில் அதைத்தான் குடிக்கிறேன். ஆனால் 10 யூரோ ஒயினோடு இதை ஒப்பிடும்போது முதல் வாயை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.

17 நவம்பர், காலை

பாட்டிலில் விட்ட இரண்டு விரல் அளவை இன்று காலை ருசித்துப் பார்த்தேன். கசப்பு, நறநறப்பு. குடிக்கத் தக்கதன்று. முதல் பாட்டிலை நிமிர்த்தி வைக்காமலே ஊற்றியிருந்தால் இதுவும் உங்கள் கோப்பைகளில் கலந்திருக்கும்.

20 நவம்பர்

இரண்டாவது பாட்டிலின் படத்தைப் பார்த்தேன். மட்டம் தோளின் மேற்பகுதியில் இருக்கிறது. 28 ஆண்டுக்குக் கவலைப்படத் தேவையில்லை. தக்கை நோய் ஒவ்வொரு தக்கையாகத் தாக்குவது. உடன்பிறந்த பாட்டிலுக்கும் அது இருந்தே தீரும் என்பதில்லை. 28-ஆம் தேதி வியாழக்கிழமை நிமிர்த்தி வையுங்கள். 30-ஆம் தேதி 17 டிகிரியில் திறங்கள். 'அறை வெப்பம்' என்று பழைய நூல்களில் வருவது, கணப்பு மட்டும் இருந்த காலத்து அறையின் வெப்பம். உங்கள் வீட்டின் 22 டிகிரி அதற்கு ஆகாது. நேரத்தைக் குறித்து எழுதுங்கள்.

1 டிசம்பர்

எழுதி அனுப்பியிருக்கிறார். அட்டைப்பெட்டி வாசம் இல்லை. 7.15-க்கு ஒன்றும் தெரியவில்லையாம். 7.50-க்கு அவருடைய ஊர்ப் பக்கத்து இலந்தைப்பழ வடையின் வாசம் வந்ததாம், 8.30 வரை கூடிக்கொண்டே போனதாம். ஆனால் மணத்தில் இருந்தது வாயில் இல்லை, நடுவில் வெறுமை, விழுங்கியதும் முடிந்துவிட்டது என்கிறார். விலை பற்றிய தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

நடுவில் வெறுமை என்பதை நான் நம்புகிறேன். நடுவை நிரப்ப வேண்டியது மெர்லோ. அந்த ஆகஸ்ட் மழை அதில் கொஞ்சத்தைக் கரைத்துவிட்டிருக்கலாம், அல்லது 28 ஆண்டுகளில் அதன் சதை முதலில் ஒடுங்கியிருக்கலாம். இலந்தைப்பழ வடையை என் குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டேன்.